பயத்துக்கு ஒரு நுழைவுச்சீட்டு

“உள்ள போனா எப்பய்யா வெளிய விடுவாங்க?”

சிங்கப்பூருக்குப் போய், காசு கொடுத்து, பேய் வீட்டுக்குள் நுழையப் போவதாகத் தம்பி சொன்னதும் பாட்டி கேட்ட ஒரே கேள்வி இதுதான்.

“அஞ்சு நிமிசத்துல வெளிய வந்துடலாம் பாட்டி.”

“அப்ப சரி. போய்ட்டு வா.”

கடவுச்சீட்டு, பேருந்துக் கட்டணம், ஜொகூர் பாருவில் மாமா வீட்டில் தங்குவது என்று அப்பாவும் அம்மாவும் ஒரு வாரமாகப் பேசியும் தீராத விஷயத்தைப் பாட்டி ஒரு கேள்வியிலேயே முடித்து வைத்துவிட்டார். ஆனால், அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பேய் வீடுகளைப் பற்றி நான் படித்தது, பார்த்தது, ஒருமுறை நானே கட்டியது எல்லாம் அந்தக் கேள்வியில் வந்து நின்றன.

பல்கலைக்கழக விடுமுறைக்கு அப்போது பிரிஞ்சாங் வந்திருந்தேன். தம்பி படிவம் 4 மாணவன். வார இறுதியில் ஸ்ட்ராபெரி பண்ணையில் பழம் பறித்துப் பெட்டியில் அடுக்கும் வேலை பார்க்கிறான். கிடைக்கும் பணம் ஒரு பழைய மைலோ டின்னுக்குள் போகும். டின்னின் மேல் மண்டை ஓடு ஒன்றை வரைந்து ஒட்டியிருக்கிறான். யூனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூரின் ‘ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ்’ தொடங்க இன்னும் மூன்று மாதம் இருந்தது. அதற்குள் அவனும் நான்கு நண்பர்களும் புலனத்தில் ஒரு குழு தொடங்கி, எந்த வீட்டுக்கு முதலில் போவது, யார் முன்னால் நடப்பது, யார் நடுவில் ஒளிந்துகொள்வது என்று இரவுதோறும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனைக்கும் இவர்களில் ஒருவன்கூட அந்தப் பூங்காவின் வாசலைப் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டு வாசலில் இருந்து பார்த்தால் தேயிலைச் சரிவும், அதற்கு மேல் பாசி படர்ந்த காடும் தெரியும். மாலை 6 மணிக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடி தள்ளி நிற்பவர் முகம் தெரியாது. “பயப்படணும்னா வீட்டுக்குப் பின்னால போய் நில்லேன்டா, காசு மிச்சம்” என்று கிண்டல் செய்தேன்.

“அது வேற பயம் அக்கா” என்றான் தம்பி. அவன் விளையாட்டாகச் சொன்னது எவ்வளவு சரி என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

மூன்று இரவுகளில் தொடங்கியது

காசு கொடுத்துப் பயப்படுவது நேற்று வந்த பழக்கம் இல்லை. இங்கிலாந்தில் ஆர்ட்டன் அண்டு ஸ்பூனர் நிறுவனம் 1915ஆம் ஆண்டில் செய்த, நீராவியால் இயங்கும் பேய் வீடு ஒன்று லிப்ஹுக் என்னும் ஊரில் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. கேளிக்கைப் பூங்கா ஒன்று ஹாலோவீனுக்காகத் தன் இடம் முழுவதையும் பேய்க்காடாக மாற்றும் வழக்கம், 1973ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்மில் மூன்றே இரவுகளாகத் தொடங்கியது. 1991இல் ஃபுளோரிடாவின் ஓர்லாண்டோ நகரில் இருக்கும் யூனிவர்சல் ஸ்டூடியோஸ், ஒரே ஒரு பேய் வீட்டைக் கட்டி அதே போல மூன்று இரவு சோதித்துப் பார்த்தது. அடுத்த ஆண்டு அதற்கு ‘ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ்’ என்று பெயர் வந்தது. இப்போது அங்கே ஓர் ஆண்டுக்கு 10 பேய் வீடுகள். 40 இரவுகளுக்கு மேல் நடக்கிறது.

நம் பக்கத்துக்கு இந்த அலை 2011இல் வந்தது. அந்த ஆண்டில்தான் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூர் தன் முதல் ஹாலோவீன் ஹாரர் நைட்ஸை நடத்தியது. 2013இல் நம் நாட்டின் சன்வே லகூன் ‘நைட்ஸ் ஆஃப் ஃபிரைட்’ நிகழ்ச்சியைத் தொடங்கியது. பழைய ஈயச் சுரங்கம் இருந்த பள்ளத்தில் எழுந்த பூங்கா அது.

சிங்கப்பூர் நிகழ்ச்சியில் தம்பியைப் போன்ற ரசிகர்களை இழுப்பது என்ன என்று பழைய ஆண்டுகளின் பட்டியலைப் புரட்டிப் பார்த்தேன். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ போன்ற உலகப் புகழ்பெற்ற தொடர்களை வைத்துக் கட்டிய வீடுகள் உண்டு. ஆனால், ரசிகர்கள் ஆண்டுகள் கழித்தும் பேசுவது நம் வட்டாரத்துக் கதைகளைக் கொண்ட வீடுகளைப் பற்றித்தான். 2015இல் சிங்கப்பூர் பேய்க் கதைகளை வைத்து எம்.ஆர்.டி. ரயில் வீடு, 2016இல் பழைய சாங்கி மருத்துவமனை, 2018இல் பொந்தியானாக். வெளவால் மாளிகையும் வெள்ளைக்காரப் பிசாசும் நமக்கு வேடிக்கை. வாழை மரத்தடியில் நிற்கும் பொந்தியானாக்கோ நாம் ஆறு வயதில் போர்வைக்குள் பயந்தது. அந்த வீட்டுக்குள் நுழைகிறவன் பாதிப் பயத்தைத் தன் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போகிறான்.

காத்திருக்கும் ருசி

பெருந்தொற்றுக் காலத்தில் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் சிங்கப்பூரில் இந்த நிகழ்ச்சி வழக்கம்போல் நடக்கவில்லை. 2022இல் திரும்பி வந்தபோது ரசிகர்கள் அதைத் தீபாவளி போலக் கொண்டாடினார்கள். இப்போதும் அறிவிப்புகள் ஒரே நாளில் வருவதில்லை. ஒரு வீட்டின் பெயர், பிறகு ஒரு சுவரொட்டி, பிறகு அரை நிமிடக் காணொளி என்று சொட்டுச் சொட்டாக வரும். ஓர்லாண்டோ ரசிகர்கள் இன்னும் ஒரு படி மேல். ஆண்டின் தொடக்கத்திலேயே எந்தக் கூடாரத்தில் எந்த வீடு வரும் என்று ஊக வரைபடம் தயாரித்து, அறிவிப்பு வந்ததும் தங்கள் கணிப்பு பலித்ததா என்று சரிபார்ப்பார்கள்.

தம்பியின் குழுவிலும் ஒரு பெரிய பிளவு உண்டு. ஒருவர் பேய் வீட்டுக்குள் நடந்தபடியே எடுத்த பழைய காணொளிகளைப் பார்க்கலாமா, கூடாதா? “பாத்துட்டா எங்க குதிப்பாங்கன்னு தெரிஞ்சிடும்” என்பது ஒரு கட்சி. “தெரிஞ்சும் பயப்படுறதுதான்டா கெத்து” என்பது மறு கட்சி. தம்பி இரண்டாம் கட்சி. ஆனால், காணொளி பார்க்கும்போது ஒலியை மட்டும் நிறுத்திவிடுகிறான்!

பயத்துக்காகக் காத்திருப்பது எப்படி இன்பமாக முடியும்? தேர்வு முடிவுக்கோ, பல் மருத்துவருக்கோ காத்திருக்கும்போது அப்படி இருப்பதில்லையே?

2006இல் கிரெகரி பெர்ன்ஸ் என்ற அமெரிக்க நரம்பியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆய்வில் கலந்துகொண்டவர்களின் பாதத்தில் சிறிய மின் அதிர்ச்சி கொடுக்கப்படும். அது வருவதற்கு முன் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். சிலருக்கு அந்தக் காத்திருப்பே எவ்வளவு கொடுமையாக இருந்தது என்றால், ‘இன்னும் பலமான அதிர்ச்சியாக இருந்தாலும் பரவாயில்லை, இப்போதே கொடுத்துவிடுங்கள்’ என்பதையே தேர்ந்தெடுத்தார்கள்.

தம்பியும் நண்பர்களும் செய்வது இதற்கு நேர் எதிர். மூன்று மாதக் காத்திருப்பை ஐஸ் கிரீம் போல நக்கி நக்கிச் சாப்பிடுகிறார்கள். ஏன்? பாதத்தில் வரும் மின் அதிர்ச்சியைத் தவிர்க்க வழியில்லை. பேய் வீட்டை எந்த நொடியிலும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். நுழைவுச்சீட்டு வாங்கிய பிறகும், வரிசையில் நின்ற பிறகும், வாசல் வரை போன பிறகும்கூடத் திரும்பி நடக்கலாம். திரும்ப முடியும் என்று தெரிவதால்தான் முன்னே போகத் துணிச்சல் வருகிறது.

நானே பேயான கதை

முதலாம் ஆண்டில் எங்கள் விடுதி மாணவர்கள் நிதி திரட்ட ஒரு பேய் வீடு கட்டினோம். செலவு செய்யக் காசு இல்லை. கறுப்பு நெகிழித் தாள், பழைய படுக்கை விரிப்புகள், வாடகைக்கு எடுத்த ஒரு புகை இயந்திரம், நண்பன் கொண்டுவந்த ஒலிபெருக்கி, அவ்வளவுதான். ஒரு நீண்ட கூடத்தை வளைத்து வளைத்து ஏழு திருப்பங்கள் கொண்ட பாதையாக்கினோம். எனக்கு நான்காம் திருப்பத்தில் திரைக்குப் பின்னால் நிற்கும் பேய் வேடம்.

அந்த ஒரு வாரத்தில் பயம் எப்படிக் கட்டப்படுகிறது என்று கற்றுக்கொண்டேன். முதலில் கண்ணைக் குருடாக்க வேண்டும். வெளிச்சத்திலிருந்து வருகிறவர் முதல் திருப்பத்திலேயே கும்மிருட்டைச் சந்தித்தால், கண் பழகுவதற்குள் பாதிப் பாதை முடிந்துவிடும். அடுத்து, கவனத்தைத் திருட வேண்டும். இடப் பக்கம் ஒரு பொம்மையை மெல்ல ஆட விட்டால் எல்லாரும் அதைப் பார்ப்பார்கள். நான் வலப் பக்கத்திலிருந்து வருவேன். மூன்றாவது, நேரம். கூட்டத்தின் முதல் ஆளைப் பயமுறுத்தினால் எல்லாரும் நின்றுவிடுவார்கள், பாதை அடைத்துக்கொள்ளும். நடுவில் வருகிறவரைப் பயமுறுத்தினால் பின்னால் இருப்பவர்கள் முன்னால் இருப்பவர்களைத் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள், பாதை தானாகக் காலியாகும். பெரிய பூங்காக்களில் தள்ளுச்சுவர், கண் கூசும் மின்வெட்டு விளக்கு, அழுகல் நாற்றம், ஒப்பனைக் கலைஞர்கள் என்று எல்லாம் இருக்கும். ஆனால், அடிப்படை இதுதான்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி உண்டு. பேய் யாரையும் தொடக்கூடாது. யூனிவர்சல் போன்ற பெரிய நிகழ்ச்சிகளிலும் அதுவே வழக்கம். பார்வையாளரும் நடிகரைத் தொடக்கூடாது. தொடாமல் ஒருவரை அலற வைப்பதுதான் இந்தக் கலை.

இரண்டாம் நாள் இரவு ஒரு புதிய மாணவி என் திருப்பத்துக்கு வந்தாள். நான் பாய்ந்தேன். அவள் கத்தவில்லை. கால் நகரவில்லை. கையை மார்பில் அழுத்திக்கொண்டு மூச்சுக்குத் திணறினாள். அப்போதுதான் எங்களுக்குள் எந்த அடையாளச் சொல்லும் பேசி வைக்கவில்லை என்பது எனக்கு உறைத்தது. “லைட்டைப் போடுங்க!” என்று கத்தினேன். பேய் இசையில் அது பேயின் அலறலாகவே மற்றவர்களுக்குக் கேட்டிருக்கிறது. ஒரு நிமிடம் கழித்துத்தான் விளக்கு வந்தது. பக்கவாட்டுக் கதவு வழியாக அவளை வெளியே கொண்டுபோகலாம் என்று பார்த்தால், அந்தக் கதவை நாங்களே ஒரு மேசையை வைத்து அடைத்திருந்தோம். காட்சிக்கு அழகாக இருக்கட்டும் என்று அதன் மேல் சவப்பெட்டி வேறு!

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, “சாரி கா, நான்தான் கெடுத்துட்டேன்” என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். அன்றிரவே மேசை போனது, கதவு திறந்தது, ‘நிறுத்து’ என்று யார் சொன்னாலும் விளக்கு எரிய வேண்டும் என்ற விதி வந்தது. கையில் விசையோடு ஒருவர் எப்போதும் நின்றார். ஆச்சரியம் என்னவென்றால், மறுநாள் வரிசை இன்னும் நீளமாக இருந்தது. ‘வேண்டாம்னா சொல்லலாம்’ என்ற அறிவிப்பை வாசலில் படித்த பிறகு, தயங்கி நின்ற பலரும் உள்ளே வந்தார்கள்.

வாசல் அடைபட்டால்

அந்த மேசையைப் பற்றிப் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டபோது எனக்கு உண்மையிலேயே உடல் நடுங்கியது.

1984 மே 11. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வெஞ்சர் பூங்கா. சரக்கு வண்டிகளின் பின்பெட்டிகளை ஒன்றோடொன்று இணைத்து அங்கே ‘ஹாண்டட் காசில்’ என்ற பேய் வீட்டை அமைத்திருந்தார்கள். இருட்டில் வழி தெரியாத ஒரு சிறுவன் லைட்டரைக் கொளுத்தியபோது சுவரில் இருந்த நுரைமெத்தை பற்றிக்கொண்டதாக விசாரணையில் கூறப்பட்டது. உள்ளே தீயணைப்பு நீர்த்தெளிப்பான் இல்லை. புகையை உணர்ந்து எச்சரிக்கும் கருவியும் இல்லை. எட்டுப் பேர் இறந்தார்கள். எல்லாரும் பதின்ம வயதினர், தம்பியின் வயது.

அதன் பிறகு அமெரிக்காவின் தீப் பாதுகாப்பு விதிகள் மாறின. இத்தகைய இருட்டு வீடுகளில் நீர்த்தெளிப்பான் வேண்டும். புகையை உணர்ந்த நொடியில் விளக்குகள் எரிய வேண்டும். பயமுறுத்தும் ஒலிகள் நிற்க வேண்டும். எங்கள் விடுதியில் ஒரு நிமிடம் தாமதமாக நாங்கள் செய்ததை, அந்த விதி ஒரு நொடியில் செய்யச் சொல்கிறது. பேய் வீட்டில் மிக முக்கியமான கருவி புகை இயந்திரமும் இல்லை, முகமூடியும் இல்லை. அவசர வழிக் கதவுதான்.

எவ்வளவு பயம் போதும்?

பயத்தை இன்பமாக்குவது எது என்று அறிய டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுக்கூடமே இயங்குகிறது. அந்தக் குழுவினர் வைலே நகரில் இருக்கும் ஒரு பேய் வீட்டுக்கு வந்த 110 பேருக்கு இதயத் துடிப்பை அளக்கும் கருவியைப் பொருத்தி உள்ளே அனுப்பினார்கள். வெளியே வந்ததும் எவ்வளவு பயந்தீர்கள், எவ்வளவு ரசித்தீர்கள் என்று கேட்டார்கள். 2020இல் வெளியான முடிவு, கணிதப் பாடத்தில் நாம் வரையும் தலைகீழ் ‘யு’ வளைவு போல இருந்தது. பயம் மிகக் குறைவு என்றால் சலிப்பு. கூடக் கூட இன்பமும் கூடுகிறது. ஓர் உச்சிக்குப் பிறகு பயம் இன்னும் கூடினால் இன்பம் சரிகிறது.

அந்த உச்சி எல்லாருக்கும் ஒரே இடத்தில் இருக்காது. தம்பிக்கு அது ஏழாம் திருப்பத்தில் இருக்கலாம். எங்கள் விடுதி மாணவிக்கு மூன்றாம் திருப்பத்திலேயே வந்துவிட்டது. நான் நின்றது நான்காவதில். வளைவு எங்கே சரியத் தொடங்குகிறது என்பது உள்ளே நடப்பவருக்கு மட்டும்தான் தெரியும். அதனால் நிறுத்தும் உரிமையும் அவரிடம்தான் இருக்க வேண்டும்.

பெருந்தொற்றின் தொடக்கத்தில் இதே துறை ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். பேய்ப்படம், திகில் கதை ஆகியவற்றின் ரசிகர்கள் அந்த நாள்களில் மற்றவர்களை விடச் சற்றுக் குறைவாக மனம் தளர்ந்திருந்தார்கள். பேய்ப்படம் பார்த்தால் தைரியம் வந்துவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால், பயத்தை விளையாட்டாகச் சந்தித்துப் பழகுவது ஓர் ஒத்திகையாக இருக்கலாம் என்று அவர்கள் கருதுகிறார்கள்.

வெளியே வழியில்லாத பயம்

இதையெல்லாம் பாட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த பாட்டி எதற்கும் பயப்படாதவர். “நீங்க பயந்ததே இல்லையா பாட்டி?” என்று கேட்டபோது, அவர் சொன்னது பேய்க் கதை இல்லை.

1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தாய்லாந்துப் பட்டை உலகறியச் செய்த ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கர், தானா ராத்தாவுக்கு அருகில் மூன்லைட் பங்களாவில் நண்பர்களோடு விடுமுறையில் தங்கியிருந்தார். மற்றவர்கள் ஓய்வெடுத்த பிற்பகலில் வெளியே நடந்து போனவர் திரும்பவே இல்லை. சிகரெட்டுகளைக்கூட எடுத்துச் செல்லவில்லை. காவல் துறையினர், படை வீரர்கள், காட்டை நன்கு அறிந்த ஒராங் அஸ்லி மக்கள், தன்னார்வலர்கள் என நூற்றுக்கணக்கானோர் தேடினார்கள். ஒரு தடயமும் கிடைக்கவில்லை. இன்றுவரை இல்லை.

பாட்டிக்கு அப்போது 15 வயது. கொழுந்து பறிக்கப் போய் ஓர் ஆண்டு ஆகியிருந்தது. விடிவதற்கு முன் பெரட்டுக் களத்துக்கு நடந்து போக வேண்டும். கையில் விளக்கு இருந்தாலும் பனியில் அது தன் காலுக்கு மட்டும்தான் தெரியும்.

“புலி அடிச்சிருச்சுன்னாங்க. பேய் இழுத்துட்டுப் போயிருச்சுன்னாங்க. ஆளு வச்சுக் கடத்திட்டாங்கன்னாங்க. அவரு பெரிய மனுசன், அத்தனை பேரு தேடுனாங்க. நான் ஒருத்தி காணாமப் போயிருந்தா யாரு தேடுவான்னு நெனச்சேன் பாரு, அதுதான் பயம்.”

“அப்புறம் என்ன பண்ணீங்க?”

“என்ன பண்றது? விடிஞ்சா பெரட்டு. போகணும்ல?”

பாட்டியின் பயத்துக்கு நுழைவுச்சீட்டு இல்லை. அவசர வழியும் இல்லை. வேண்டாம் என்று திரும்பி நடக்க அவரால் முடியவில்லை. தம்பி சொன்ன ‘வேற பயம்’ எது, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பயம் எது என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. அதனால்தான் அவர் தம்பியிடம் வீட்டுக்குள் என்ன இருக்கும் என்று கேட்கவில்லை. எப்போது வெளியே விடுவார்கள் என்று கேட்டார்.

பேயாக ஆக்கப்பட்டவர்கள்

பாட்டியின் கேள்வியைப் பேய்களைப் பார்த்தும் கேட்கலாம். பொந்தியானாக் யார்? பிள்ளைப்பேற்றில் இறந்துபோன பெண் என்கிறது மலாய் நம்பிக்கை. பாட்டிக்கு அந்தக் கதை நன்றாகத் தெரியும். கேட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னார். அவருடைய அம்மா தமிழ்நாட்டில் பிறந்தவர். அந்த ஊர்ப் பக்கம் கர்ப்பிணி ஒருத்தி இறந்துபோனால், அவள் நினைவாகப் பாதையோரத்தில் சுமைதாங்கிக் கல் நடுவார்களாம். சுமையோடு நடந்து வருகிறவர்கள் அதன் மேல் பாரத்தை இறக்கி வைத்துவிட்டுச் சற்று இளைப்பாறலாம். இறக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, பிறர் சுமையை இறக்க ஒரு கல்.

ஒரே துயரம். ஓரிடத்தில் அது பேயாகிப் பயமுறுத்துகிறது. இன்னோரிடத்தில் கல்லாகி இளைப்பாற வைக்கிறது. மருத்துவச்சியும் மருத்துவமனையும் எட்டாத காலத்தில் எத்தனை பெண்கள் இறந்திருப்பார்கள் என்பதற்கு இரண்டுமே சாட்சி.

பேயை வைத்து விளையாடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் இலக்கியமே விளையாடியிருக்கிறது. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் பசி என்று காளியிடம் முறையிடும். போர்க்களத்தில் கூழ் காய்ச்சிக் குடிக்கும். படிக்கிறவருக்குப் பயத்தோடு சிரிப்பும் வரும். ஆனால், எந்த மனிதரைப் பேயாக்குகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும்.

2016 செப்டம்பரில் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் ‘ஃபியர் வி.ஆர்.: 5150’ என்ற காட்சியைத் தொடங்கியது. மனநல மருத்துவமனையில் நடக்கும் திகில் கதை. 5150 என்பது, மனநல நெருக்கடியில் இருப்பவரை அவர் விருப்பம் இல்லாமலேயே மருத்துவமனையில் வைக்க அனுமதிக்கும் கலிபோர்னியாச் சட்டப் பிரிவின் எண். நோயாளிகளின் குடும்பத்தினரும் மனநல அமைப்புகளும் எதிர்த்தார்கள். முதலில் பெயரை மாற்றினார்கள். எதிர்ப்பு அடங்காததால் அதே மாதத்தில் அந்தக் காட்சியையே மூடினார்கள். முகமூடி போட்ட நடிகர் வேலை முடிந்ததும் அதைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். நோயாளியால் அந்த முகமூடியைக் கழற்ற முடியாது. ‘பைத்தியம்’ என்ற சொல் பள்ளியிலும் வேலையிடத்திலும் அவர் பின்னாலேயே வரும். அவரை எப்போது வெளியே விடுவார்கள்?

இதை ஒரு ரசிகனிடம் சொன்னால் கோபப்படுவான் என்று நினைத்தேன். தம்பி சிறிது நேரம் யோசித்தான். “அப்ப சாங்கி ஆஸ்பத்திரி வீடு?” என்றான். 1997இல் மூடப்பட்ட உண்மையான மருத்துவமனை அது. அங்கே தாதியர் வேலை பார்த்திருக்கிறார்கள், நோயாளிகள் குணமாகியிருக்கிறார்கள், குழந்தைகள் பிறந்திருக்கின்றன. என்னிடம் முடிவான பதில் இல்லை. “உள்ள போறப்ப அதையும் ஞாபகம் வச்சுக்க” என்று மட்டும் சொன்னேன்.

போகும் முன்

இந்த ஆண்டு நீங்களும் எங்காவது ஒரு பேய் வீட்டுக்குக் காத்திருக்கலாம். பள்ளிக் கேளிக்கைச் சந்தையில் நீங்களே ஒன்றைக் கட்டவும் செய்யலாம். காத்திருப்பதைக் குறைத்துக்கொள்ளாதீர்கள், பாதி ருசி அதில்தான். போனதும் அவசர வழிக் குறியீட்டை முதலில் பாருங்கள். நண்பர்களோடு ஓர் அடையாளச் சொல்லைப் பேசி வையுங்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய் இருந்தால் வாசலில் எழுதியிருக்கும் எச்சரிக்கையைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். பயமுறுத்துகிறவரை அடிக்காதீர்கள், அவரும் உங்களைப் போலப் பகுதி நேர வேலைக்கு வந்த மாணவராக இருக்கலாம். வாசல் வரை வந்து திரும்பும் நண்பனைக் கேலி செய்யாதீர்கள். அவன் திரும்ப முடிகிறது என்பதால்தான் நீங்கள் உள்ளே போகத் துணிந்தீர்கள்.

கட்டுகிறவர்களாக இருந்தால், கதவுக்கு முன்னால் மேசையைப் போடாதீர்கள்.

தம்பி கிளம்பும் நாள் வந்தது. தானா ராத்தா பேருந்து நிலையத்துக்கு நாங்கள் எல்லாரும் போனோம். மைலோ டின் காலி. போதாததற்கு அப்பா கொஞ்சம் கொடுத்தார். பாட்டி தன் சுருக்குப்பையிலிருந்து மடித்த 50 ரிங்கிட் தாளையும், காகிதத்தில் பொதிந்த திருநீற்றையும் எடுத்து அவன் கையில் வைத்தார்.

“உள்ள போறதுக்கு முன்னாடி பூசிக்கிறேன் பாட்டி.”

“உள்ள போறதுக்கு எதுக்குய்யா? அவங்க எல்லாம் நம்ம பிள்ளைங்க மாதிரி, வேசம் கட்டி நிக்கிறாங்க” என்றார் பாட்டி. “வெளிய வந்த பொறவு பூசிக்க. வந்துட்டேன்னு ஒரு போன் போடு.”

அடுத்த நாள் இரவு 11 மணிக்கு மேல் வீட்டுத் தொலைபேசி மணி அடித்தது. எல்லாருக்கும் முன்னால் எழுந்து போய் எடுத்தவர் பாட்டி.